தங்கச்சி எப்படி இருக்கா

எனக்கு இடுப்பு வலி உண்டு, மேடம். நடுநடுவே எழுந்து நின்றால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நாற்காலியில் ஒரு குறையும் இல்லை. வாழ்நாள் முழுக்க மூக்குக்கண்ணாடிக் கடையில் குனிந்து உட்கார்ந்து ஸ்க்ரூ முடுக்கியவனுக்கு எந்த நாற்காலியும் கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும்.

தண்ணீர் போதும். காபி வேண்டாம். குடித்தால் தூக்கம் போய்விடும். இன்றைக்காவது தூங்கலாம் என்று இருக்கிறேன்.

நாங்கள் மூன்று பேர். ஒரே பள்ளிக்கூடம், பிறகு ஒரே ஊர். ஒருவன் வாத்தியார். வேதியியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். வகுப்பில் மற்றவர்களைப் பேசாதே என்று சொல்லியே தன் வாய்க்கு ஓய்வு கொடுக்காதவன். இன்னொருவன் மாப்பிள்ளை. எங்களில் முதலில் கல்யாணம் ஆனவன் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பேத்தி பிறந்த பிறகும் போகவில்லை. அவன் நிலம் அளக்கிற வேலையில் இருந்தான். காடு மேடு எல்லாம் நடந்தவன். வேலையில் இருந்த காலத்தில் அவன் எங்களுக்குச் சொன்ன கதைகளில்தான் அந்தப் பயண ஆசையே தொடங்கியது. ரிட்டயர் ஆனதும் மூன்று பேரும் ஒரு வண்டி எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சரணாலயமாகப் போய்ப் பார்ப்பது என்று பேசி வைத்திருந்தோம். ஒரு வருடம் யார் வீட்டிலாவது பரீட்சை, ஒரு வருடம் யாருக்காவது மாற்றல். இப்படியே தள்ளிக்கொண்டு போனோம்.

பிறகு என் மனைவி இறந்தாள். சிறுநீரகக் கோளாறு. குழந்தைகள் இல்லை. அதற்கு அடுத்த வருடம் மாப்பிள்ளைக்கு மறதி ஆரம்பித்தது.

ரொட்டி வாங்கப் போனவன் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருந்தான். கல்யாணத்துக்கு முன்னால் வேலை பார்த்த ஊருக்கு எந்த பஸ் போகும் என்று ஒவ்வொருவரையும் கேட்டிருக்கிறான். அவனைக் கூட்டிக்கொண்டு வந்தது நான்தான். அவன் மனைவி வங்கி வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்துவிட்டாள். பகலெல்லாம் சமாளித்துவிடுவாள். சாயங்காலம் வெளிச்சம் குறையும் நேரத்தில்தான் அவன் எழுந்து, "வீட்டுக்குப் போகணும்" என்பான். சொந்த வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு, சட்டையைப் போட்டுக்கொண்டு, கதவை இழுப்பான்.

"அண்ணா, ஒரு மணி நேரம் வந்து உக்காருங்க. உங்களப் பாத்தா அடங்குறாரு," என்று அவள் கேட்டாள். என்ன பெரிய விஷயம், எனக்கும் வீட்டில் யாரும் காத்திருக்கவில்லை. கடையைச் சீக்கிரம் மூடிவிட்டுப் போனேன்.

முதல் நாள் என்னைப் பார்த்ததும் அடங்கினான். உட்கார்ந்தான். உட்கார்ந்து, "தங்கச்சி எப்படி இருக்கா?" என்றான்.

என் மனைவியை அவன் அப்படித்தான் கூப்பிடுவான். நான் மெதுவாக, "அவ போயிட்டாளேடா," என்றேன். அவன் முகம் மாறியதை நான் உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. "எப்ப? நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தா? எனக்கு ஏன்டா சொல்லல?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கி அழுதான். அவனுக்கு அது அந்த நிமிடம் நடந்த சாவு. அவன் அழுததைப் பார்த்து நானும் அழுதேன்.

மறுநாள் போனேன். "தங்கச்சி எப்படி இருக்கா?" என்றான்.

அதற்கு அடுத்த நாளும் அதே கேள்வி, அதே அழுகை. அவன் மனைவி என்னை வாசல் வரை வந்து வழியனுப்பும்போது சொன்னாள். "அண்ணா, தப்பா நினைக்காதீங்க. நல்லா இருக்கான்னு சொல்லிடுங்களேன். எதுக்கு அழறோம்னு தெரியாமலே விடிய விடிய அழறாரு."

சொன்னேன். நல்லா இருக்கா என்றேன். அவன் திருப்தியாகத் தலையாட்டி, "ஏன் கூட்டிட்டு வரல?" என்றான். கடைக்குப் போயிருக்கிறாள் என்றேன். பொய் அப்படித்தான் நடந்தது, மேடம். ஒரு பதில் சொன்னால் அதன் பின்னால் இன்னொரு கேள்வி நிற்கும். என்ன வாங்கப் போயிருக்கா? எதுக்குத் தனியா அனுப்பின? மழ வருதே, குடை எடுத்துட்டுப் போனாளா? எடுத்துக்கொண்டுதான் போயிருக்கிறாள் என்பேன். நீலக் குடை.

வருடக்கணக்கில் இப்படி. கடையை மூடிவிட்டு அவன் வீட்டுக்கு நடக்கிற தூரத்தில் அன்றைய பதிலைத் தயார் செய்துகொள்வேன். ஒரு மழைக்காலத்தில் அவளுக்கு முழங்கால் வலி வந்தது. செத்தவளுக்கு எப்படி வலி வரும் என்று பார்க்காதீர்கள். வாக்கிங் போகிறாளா என்று அவன் கேட்டான், எனக்கு வாயில் அதுதான் வந்தது. அதன் பிறகு அந்த வலிக்கு வைத்தியம் பார்க்க வேண்டியிருந்தது. மேல்வீட்டுக்காரியோடு சண்டை போட்டாள். பிறகு சமாதானம் ஆனாள். ஒருநாள் வேறு எதுவும் தோன்றாமல், நீச்சல் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். தண்ணீரைக் கண்டாலே பின்வாங்குகிறவள் அவள். மாப்பிள்ளை கண்ணில் நீர் வரச் சிரித்தான். "தங்கச்சியா? பக்கெட் தண்ணிக்கே பயப்படுவாளேடா. குளத்துல இருக்கிற தண்ணி எல்லாம் வெளிய வந்துருமே." நானும் சிரித்தேன். அன்று வீட்டுக்கு வந்த பிறகும், சமையலறையில் தனியாக நின்று, தொப்பி போட்டுக்கொண்டு அவள் படிக்கட்டைப் பிடித்தபடி நிற்பதை நினைத்துச் சிரித்தேன்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், அது எவ்வளவு களைப்பான வேலை என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். தவறாமல் போனேன். காய்ச்சலோடும் போனேன். அவன் மனைவியே, "இன்னிக்கு வேணாம், அண்ணா, வீட்ல படுங்க," என்று போன் செய்த நாளில்கூடப் போய் நின்றேன். பொறுப்பு என்று ஒன்றை ஏற்றுக்கொண்டால் அப்படித்தான்.

பயணத்தை மறுபடி கிளப்பியது வாத்தியார். "இப்பப் போகலைன்னா எப்பவும் இல்லடா. உடம்பு இருக்கு. ஆளுதான் கொஞ்சம் கொஞ்சமா கிளம்பிக்கிட்டு இருக்கான். முழுசாக் கிளம்புறதுக்குள்ள ஒரு யானையக் காட்டிடுவோம்." மாப்பிள்ளையின் மனைவி யோசித்தாள். அவள் கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பைப் பார்த்தால் யாரும் மறுக்க மாட்டார்கள். "நீங்க கூட இருந்தா அனுப்புறேன், அண்ணா. எங்க அக்கா வீட்ல போய் நான் தூங்கிக்கிறேன், அது போதும்," என்றாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

அப்போதே முடிவு செய்துவிட்டேனா என்று நேற்றுக் கேட்டீர்கள். இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்த வாரம் படுத்துக்கொண்டு, காட்டில் மனிதர்கள் தொலைந்து போவது நடக்கிறதுதான் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. அந்த நினைப்பு வந்ததும் நன்றாகத் தூங்கிவிட்டேன். அதுவும் ஞாபகம் இருக்கிறது.

முதலில் போனது புல்வெளிக் காடு. வாடகை வண்டியை நானும் வாத்தியாரும் மாற்றி மாற்றி ஓட்டினோம். மாப்பிள்ளை பின்சீட்டில் ஜன்னலோரம். அவன் கையில் பெயரும் போன் நம்பரும் எழுதிய பிளாஸ்டிக் வளையத்தை அவன் மனைவி மாட்டிவிட்டிருந்தாள். யானைக்கூட்டம் ஒன்று சாலையை மறித்துக்கொண்டு நின்றது. "டேய், யானைடா," என்று மாப்பிள்ளை என் சட்டையை இழுத்தான். கொஞ்ச நேரம் வேறு பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பி, "டேய், யானைடா," என்றான், அதே வியப்போடு. வாத்தியார் சொன்னான்: "நமக்கு எல்லாம் கண்ணு இருந்து வீண்டா. இவன் ஒரே யானைய ஒவ்வொரு தடவையும் முதல் தடவையாப் பாக்குறான்."

சாயங்காலம் விடுதி வராந்தாவில் வழக்கமான நேரத்துக்கு அவன் கேட்டான். "தங்கச்சி எங்க?" ரூமில் படுத்திருக்கிறாள், வண்டியில் வந்தது அசதி என்றேன். வாத்தியார் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தான். மாப்பிள்ளை உள்ளே போன பிறகு என்னிடம், "எப்படிடா தினமும் இதச் சொல்ற? ஒரு வாட்டி கேட்டதுக்கே என்னால அங்க உக்கார முடியல," என்றான்.

"பழகிருச்சு," என்றேன்.

"பழகக் கூடாதுடா இதெல்லாம்," என்றான் அவன். நான் உள்ளே போய் மாப்பிள்ளைக்குப் போர்வை எடுத்துப் போட்டேன்.

இரண்டாவது காடு சதுப்பு நிலம். காட்டெருமைகள் சேற்றில் கிடந்தன. வாத்தியார் பறவை பார்க்கிற கோபுரத்தில் ஏறியிருந்தான். கால்வலியோடு ஏறியவன் இறங்க நேரமாகும். நான் மாப்பிள்ளையை வண்டியில் ஏற்றிக்கொண்டு நாணல் ஓரமாகப் போனேன். ஒரு திருப்பத்தில் நிறுத்தி, "இறங்கி ஒண்ணுக்குப் போயிட்டு வா," என்றேன். இறங்கினான். நான் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

ரொம்ப தூரம் போகவில்லை. அடுத்த வளைவில் நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். தவளைச் சத்தம். கையை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு திருப்பிக்கொண்டு வந்தேன். விட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தான். கோபமில்லை, பயமில்லை. ஜன்னலில் தலையை விட்டுப் பின்சீட்டை எட்டிப் பார்த்து, "தங்கச்சி வரல? வெயில்ல எங்கயாவது உக்காந்திருக்கப் போறா. தலைவலி வந்துரும் அவளுக்கு," என்றான். நான் கதவைத் திறந்தேன்.

தூரத்தில் இன்னொரு வண்டி தூசி கிளப்பிக்கொண்டு வந்தது, அதனால்தான் ஏற்றிக்கொண்டேன் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். இப்போது யோசித்தால், சதுப்பு நிலத்தில் ஏது தூசி.

மூன்றாவது காட்டில் வாத்தியாருக்கு வயிறு சரியில்லாமல் போனது. விடுதியிலேயே படுத்துவிட்டான். காலையில் மாப்பிள்ளையைக் குளிக்க வைத்தபோது, சோப்புப் போட வசதியாக இருக்கட்டும் என்று கையிலிருந்த வளையத்தைக் கழற்றினேன். திரும்ப மாட்டவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் கிளம்பினோம். மலையைச் சுற்றிப் போகிற சாலையில், உபயோகத்தில் இல்லாத ஒரு பாதை பிரிகிறது. குறுக்கே கயிறு கட்டிப் பலகை மாட்டியிருந்தார்கள். எனக்கு அந்த முடிச்சை அவிழ்க்க வரவில்லை. மாப்பிள்ளை இறங்கி வந்து என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு ஒரு இழுப்பில் அவிழ்த்தான். அவன் கைகள் எதையும் மறந்திருக்கவில்லை. வண்டி உள்ளே போனதும், மறுபடி கட்டச் சொன்னேன். எந்த முனையை இழுத்தால் அவிழும் என்று எனக்குக் காட்டிவிட்டு ஒழுங்காகக் கட்டினான்.

ரொம்ப தூரம் உள்ளே போனோம். மலைக்குப் பின்பக்கம். ஒரு பெரிய மரத்தடியில் நிறுத்தி, "அந்த மேடு என்ன உயரம் இருக்கும்னு பாத்துச் சொல்லேன்," என்றேன். வேலை கொடுத்தால் அவனுக்கு முகம் மலரும். இறங்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை நீட்டி அளக்க ஆரம்பித்தான்.

நான் வந்துவிட்டேன்.

என் கணக்கு இதுதான், மேடம். கொஞ்ச நேரத்தில் என்னை மறந்துவிடுவான். விட்டுவிட்டுப் போனார்கள் என்பதே அவனுக்குத் தெரியாது. காட்டு வேலைக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொள்வான். கதவு இல்லாத இடம், யாரும் அவனை இழுத்துப் பிடிக்க மாட்டார்கள். வீட்டில் கூடத்துக்குள் சுற்றிச் சுற்றி நடப்பதைவிட அது மேல் என்று தோன்றியது. அவன் மனைவியும் தூங்குவாள். நானும் தூங்குவேன். யாரையும் அடிக்கவில்லை, தள்ளவில்லை.

விடுதிக்கு வந்து, நுழைவாயிலுக்குப் பக்கத்தில் இருக்கிற ஓடையோரம் அவனைத் தவறவிட்டதாகச் சொன்னேன். அது மலைக்கு இந்தப் பக்கம். வனக்காவலர்கள் அங்கேதான் தேடினார்கள். நானும் கூடவே நடந்தேன். அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். சும்மா கூப்பிடவில்லை, தொண்டை கட்டிப்போகும்வரை கூப்பிட்டேன். வாத்தியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எங்கள் பின்னால் வந்தான். அவன் பேசாமல் இருந்து நான் பார்த்தது அப்போதுதான். மாப்பிள்ளையின் மனைவி மறுநாள் வந்து சேர்ந்தாள். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "உங்களவிட யாரு அண்ணா அவரப் பாத்துக்கிட்டா? நீங்க கொஞ்சம் சாப்பிடுங்க முதல்ல," என்றாள். சாப்பிட்டேன். பசித்தது.

அவன் குளிரில்தான் போனான், விலங்குகள் வந்ததெல்லாம் பிறகுதான் என்று உடலைப் பார்த்த உங்கள் டாக்டர் சொன்னார். நாங்கள் ஓடையோரம் தேடிக்கொண்டிருந்த நாட்களில் அவன் உயிரோடு இருந்திருக்கலாம் என்றும் சொன்னார். மரத்தைவிட்டு அதிகம் நகரவில்லையாம். அது என் கணக்கில் வராத விஷயம். நடந்து போய்விடுவான் என்றுதான் நினைத்தேன். மூக்குக்கண்ணாடியை அடையாளம் காட்ட என்னைக் கூப்பிட்டீர்கள். என் கடையில் செய்ததுதான். ஒரு பக்கம் தளர்ந்திருந்தது. கையில் ஸ்க்ரூடிரைவர் இருந்திருந்தால் முடுக்கிக் கொடுத்திருப்பேன், பழக்கதோஷம்.

வாடகை வண்டியில் ஜிபிஎஸ் இருந்தது எனக்குத் தெரியாது. வண்டி போன வழியை நீங்கள் படமாகக் காட்டியபோது எனக்கு ஒரு மாதிரி ஆறுதலாகத்தான் இருந்தது. இனிமேல் எதையும் யோசித்துச் சொல்ல வேண்டாம். ஆனால் நீங்கள் அதில் விரலை வைத்து ஒன்று கேட்டீர்கள். வண்டி மரத்தடியிலிருந்து கிளம்பிப் போயிருக்கிறது, பிறகு திரும்பி அதே இடத்துக்கு வந்து நின்றிருக்கிறது, அதன் பிறகு மறுபடி போயிருக்கிறது. எதற்குத் திரும்பி வந்தீர்கள், வந்தவர் ஏன் ஏற்றிக்கொள்ளவில்லை என்று. நேற்று முழுக்க அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

திரும்பி வந்தேன், உண்மைதான். சதுப்பு நிலத்தில் செய்த மாதிரியே. ஏற்றிக்கொண்டு போகத்தான் வந்தேன். வெளிச்சம் சாய்கிற நேரம், அவன் கேட்கிற நேரம். அன்றைக்கு என்ன சொல்வது என்று வழியிலேயே யோசித்து வைத்திருந்தேன். நீச்சலில் கையை விட்டுவிட்டாள், படிக்கட்டைப் பிடிக்காமல் மறுகரை வரை போனாள் என்று சொல்லலாம் என்று இருந்தேன்.

அவன் மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். வண்டியைப் பார்த்ததும் எழுந்து வந்து ஜன்னல் விளிம்பில் கையை ஊன்றினான். கண் தெளிவாக இருந்தது. பழைய மாப்பிள்ளையின் கண்.

"தங்கச்சி இல்லல்ல?" என்றான்.

நான் எஞ்சினை அணைத்தேன்.

"ஆஸ்பத்திரி வராந்தாவுல நீ சுவத்தப் பாத்து உக்காந்திருந்த. நான்தான் உள்ள போயிட்டு வந்து உங்கிட்ட சொன்னேன். சொன்னவனே நான்தான்டா." அவன் ஜன்னலுக்குள் குனிந்தான். "நானே சொல்லிட்டு, நானே தினமும் உங்கிட்ட கேட்டிருக்கேன். நீ நல்லா இருக்கா, நல்லா இருக்கான்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்க. எப்படிடா தாங்கின?"

என் தலையில் கையை வைத்தான். "செத்துப் போயிட்டாடா. போதும், விடு. எனக்காக இனிமே நீ பொய் சொல்ல வேணாம். வேற எது மறந்தாலும் இத மட்டும் பிடிச்சு வச்சுக்கிறேன். இனிமே கேக்கவே மாட்டேன்."

நான் ஜன்னல் கண்ணாடியை ஏற்றினேன். அவன் கையை எடுத்துக்கொள்ளட்டும் என்று மெதுவாகத்தான் ஏற்றினேன். அவன் கதவுப் பிடியை இழுத்துப் பார்த்தான். பூட்டியிருந்தது. என் பெயரைச் சொன்னான், தப்பில்லாமல், ஒரு தடவை. பிறகு நான் வண்டியை எடுத்துவிட்டேன்.

களைப்பு என்றே எழுதிக்கொள்ளுங்கள், மேடம். அத்தனை வருடமாக ஒரே கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அதற்குமேல் ஒன்றும் இல்லை. அன்றைக்கும் அவன் அதைக் கேட்டிருந்தால், நான் கதவைத் திறந்திருப்பேன்.